மேடைத் தொழிலின் கடைசிப் பக்கம்

"நம்ம புக்குக்கு நாப்பது வயசு ஆவுது ஹெப்சிமா. ஆண்டு மலர்ல அதோட வரலாறு ஒண்ணு எய்திடு. ரெண்டு பக்கம் போதும்" என்றார் தமீம் பாய்.

வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என் பிறவிக் குணம். சரி என்று சொல்லிவிட்டேன்.

'மேடைத் தொழில்' என்று ஒரு மாதப் பத்திரிகை இருப்பது பெட்டிக்கடையில் பத்திரிகை வாங்குகிறவர்களுக்குத் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் இல்லை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தாலும் மேனேஜர் மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆணி இருக்கும். அதில் சணல் கயிற்றில் எங்கள் பத்திரிகை தொங்கும். மெல்லிசைக் குழு, பேண்டு வாத்தியம், நாகஸ்வரம், மைக் செட், டிஜே என்று பாட்டை வைத்துப் பிழைக்கிறவர்களின் பெயரும் போன் நம்பரும் அதில் இருக்கும். நடுப்பக்கங்களில் தொழில் செய்திகள் போடுவோம். புதிதாக வந்த கீபோர்டு எப்படி, எந்த ஆம்ப்ளிஃபயர் கடற்காற்றுக்குத் துருப்பிடிக்கவில்லை, ஆடி மாதம் எந்தக் கோயிலில் கச்சேரி, இப்படி.

கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் மீன் வலை விற்கும் கடைக்கு மேல்மாடியில் ஆபீஸ். ஆசிரியர் நான், டைப் அடிப்பது நான், பக்கம் கட்டுவது நான், டீ வாங்கப் போவதும் நான். முதலாளி பாய். கீழே சந்துக்குள் அவருடைய 'தமீம் சவுண்ட் சர்வீஸ்' கிடங்கு. எழுபத்தைந்து வயதைத் தாண்டியும் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் அவர்தான் போய் உட்காருவார். அந்த வால்யூம் திருகை வேறு யாராவது தொட்டால் அவருக்கு உயிரே போய்விடும்.

வரலாறு எழுத நான் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்த அதே வாரம் ஷாலு படியேறி வந்தாள்.

ஷாலு வியாசர்பாடி ஹவுசிங் போர்டு வீட்டுப் பெண். மரண கானா பாடுகிறவள். அவள் புருஷன் தீனா டோலக் அடிப்பான். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் பந்தல் போட்டு, கானா பாடுகிறவர்களைக் கூப்பிடுவார்கள். பாட வருகிறவர்கள் வந்தவுடன் மைக்கைப் பிடிப்பதில்லை. ஓரமாக ஒரு சேரைப் போட்டுக்கொண்டு வீட்டு ஆட்களிடம் கேட்பார்கள். போனவர் பெயர் என்ன, என்ன வேலை பார்த்தார், எதை விரும்பிச் சாப்பிடுவார், யாரைத் திட்டுவார், பிள்ளைகளை எப்படிக் கூப்பிடுவார். எல்லாவற்றையும் பாட்டில் கோத்து, செத்தவரைத் தெருவில் நடமாட விட்டுவிடுவார்கள். இந்த வேலைக்குப் பெண்கள் வருவது குறைவு. ஷாலு மாதிரிப் பாடுகிறவர்கள் ஆண்களிலும் குறைவு என்று சொல்வேன்.

அவள் பெயர் எங்கள் பத்திரிகையில் கடைசிப் பக்கத்தில் இருந்தது. சாவுக்குப் பாடுகிறவர்கள், சாவு மேளம், பூப்பல்லக்கு எல்லாம் அந்தப் பக்கத்தில்தான் வரும். பக்கத்தைச் சுற்றி விரல் தடிமனுக்குக் கறுப்புக் கட்டம். அந்தக் கட்டத்துக்குள் பெயர் வந்தால் முன்பக்கங்களில் வராது. 'ஒரு பேரு, ஒரு பக்கம்' என்பது பாய் போட்ட சட்டம்.

"யக்கா, மலர்ல எம் பேர முன்னாடி போடு. கல்யாணப் பக்கத்துல" என்றாள் ஷாலு.

"பாய் ஒத்துக்க மாட்டாரே."

"நீ சொல்லிப் பாருக்கா. வாரத்துக்கு ஒருத்தராவது செத்தாதான் எங்க வூட்ல அடுப்பு எரியுது. வெளக்கேத்தி சாமி முன்னாடி நின்னா இன்னான்னு கேட்டுக் கும்புட்றதுன்னே தெர்ல."

இதை அவள் அழுதுகொண்டு சொல்லியிருந்தால் தண்ணீர் கொடுத்து அனுப்பியிருப்பேன். சிரித்துக்கொண்டு சொன்னாள். அவள் படி இறங்கியதும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம் எப்போதும் பாய்மேல் போய்த்தான் விழும், சம்பளம் கொடுக்கிற பாவத்துக்கு.

கிடங்கில் வயர் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் போய் நின்றேன்.

"பாய், எங்க சர்ச்சு கொயர்ல கல்யாணத்துக்குப் பாட்றவங்கதான் அடக்கத்துக்கும் பாட்றாங்க. உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்து நிக்காஹ்வுக்கும் வராரு, மையத்துக்கும் வராரு. ஷாலு பாடினா மட்டும் இன்னா தீட்டு ஒட்டிக்குது?"

பாய் வயரைக் கீழே வைத்தார். "வரலாறு எய்தணுமே, குந்து. சொல்றேன்" என்றார்.

அந்தக் காலத்தில் மைக் செட் கேட்டு வருகிறவர்கள் எல்லாம், நல்ல கச்சேரி யாரு பாய், நல்ல பேண்டு யாரு பாய் என்று கேட்டு அவர் வாயைப் பிடுங்கியிருக்கிறார்கள். பெயர்களை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டால் தொல்லை விட்டது என்று நான்கு பக்கத்தில் ஒன்று போட நினைத்திருக்கிறார். மெல்லிசைக் குழுக்காரர்களிடம் போனால், நாங்கள் கலைஞர்கள், எங்களை எதற்குக் கடைப் பட்டியல் மாதிரி போடுகிறீர்கள் என்று கழன்றுகொண்டார்களாம்.

"மொதமொதல்ல பேரு குட்த்தது மண்ணாங்கட்டின்னு ஒருத்தரு. வியாசர்பாடிக்காரரு, சாவுக்குப் பாட்றவரு. தோஸ்துங்க எல்லாத்தையும் இட்டுகினு வந்து பேரு குடுக்க வெச்சாரு. மொத இதழு மொதப் பக்கம் பூரா அவுங்கதான். அதுல நின்னுதான் புக்கு எய்ந்துச்சி."

எனக்குச் சுருக்கென்றது. எங்களைத் தூக்கி நிறுத்தியவர்களையா கட்டம் கட்டிக் கடைசியில் உட்கார வைத்திருக்கிறோம்?

கேசட் காலம் வந்தது. கேசட் கம்பெனிகள் விளம்பரம் கொடுத்தன. எந்த மேடையில் எந்தப் பாட்டுக்கு அதிகமாக 'ஒன்ஸ் மோர்' கேட்டார்கள் என்று மைக் செட் ஆட்கள் வந்து சொல்ல, பாய் மாதா மாதம் ஒரு வரிசை போட்டார். அதைப் பார்த்துத்தான் கேசட் கடைக்காரர்கள் சரக்கு எடுப்பார்களாம். முன்பு கழன்றுகொண்ட மெல்லிசைக்காரர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுத்தார்கள். பெயர் கொடுத்த கையோடு, சாவுக்குப் பாடுகிறவன் பெயருக்குப் பக்கத்தில் எங்கள் பெயரா என்று முகம் சுளித்தார்கள்.

"அவுனுங்களுக்காகவா கட்டம் போட்டீங்க?"

"இல்லம்மா." பாய் தரையைப் பார்த்தார். "மண்ணாங்கட்டிக்காகத்தான் போட்டேன்."

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வண்ணாரப்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. பாயுடைய மைக் செட். மண்ணாங்கட்டிக்குக் கல்யாணத்தில் பாட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பாய்தான் சிபாரிசு செய்து மேடை ஏற்றியிருக்கிறார். இரண்டாவது பாட்டின் நடுவில் கூட்டத்தில் ஒருவர், எங்கள் சித்தப்பா சாவுக்குப் பாடினவன் இவன்தானே என்று கை நீட்டியிருக்கிறார். அவ்வளவுதான். நாற்காலி பறந்திருக்கிறது. மண்ணாங்கட்டியைச் சட்டையைப் பிடித்து இழுத்து மேடையிலிருந்து தள்ளியிருக்கிறார்கள்.

"அவுரு பாட்ட நிறுத்தல ஹெப்சிமா. கீய வுயுந்தும் மைக்க வுடல, பாடிகினே இருந்தாரு. நாந்தான் சவுண்ட கட் பண்ணேன். அதுக்கப்புறம் அவுரு ஒரு கல்யாணத்துக்கும் போவல. சாவுற வரைக்கும் போவல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "இன்னொருத்தரு அப்படி அடி வாங்கக் கூடாதுன்னுதான் அடுத்த இதழ்லயே பக்கத்தப் பிரிச்சேன். ஷாலு எனக்குப் பொண்ணு மாதிரி. அதுக்கும் அந்தக் கதி வரணுமா?"

கோபத்தைக் கொண்டுபோனவள் கையில் பரிதாபத்தோடு திரும்பினேன். ஆனால் பரிதாபத்தில் அடுப்பு எரியாதே. ஷாலுவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இரண்டு முறை அவள் போனை எடுக்காமல் விட்டேன். இதற்கு நடுவில் 'பெனிட்டோ மெல்லிசைக் குழு' பெனிட்டோவுக்கு எப்படியோ மூக்கில் வியர்த்துவிட்டது. முதல் பக்கத்து விளம்பரம் எப்போதும் அவருடையதுதான்.

"கடைசிப் பக்கத்து ஆளு முன்னாடி வந்தா நா வெளிய போய்டுவேன் ஹெப்சிபா. சொல்லிட்டேன்" என்றார் போனில். வாசல் திறந்துதான் கிடக்கிறது என்று நாக்கு நுனி வரை வந்ததை மென்று விழுங்கினேன்.

பக்கங்கள் எல்லாம் முடிந்து, மலர் அச்சுக்குப் போக வேண்டிய நிலையில் பட்டம்மாள் வந்தார். காசிமேட்டில் மீன் விற்கிறவர். கூடையைக் கீழே வலைக் கடையில் வைத்துவிட்டு, புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே ஏறி வந்தார். பாயும் அப்போது மேலேதான் இருந்தார். பட்டம்மாள் எங்கள் பழைய இதழ் ஒன்றைச் சுருட்டிக் கொண்டுவந்திருந்தார். அதைப் பிரித்து, கறுப்புக் கட்டத்துக்குள் விரல் வைத்தார்.

"எயுத்து தெரியாது எனக்கு. எம் பொண்ணு படிச்சிக் காமிச்சிது. இந்த ஷாலுப் பொண்ணு வோணும். இந்த நம்பரு அடிச்சா போவல."

"நம்பரு மாறிட்சி, புது நம்பரு தரேன்" என்றேன். "யாரு தவறிட்டாங்கம்மா?"

"யாரும் தவறல. எம் பொண்ணு மாயாக்கு கல்யாணம். ரிசப்சனுக்குப் பாடணும்."

பாய் எழுந்துவிட்டார். "வாணாம்மா. கல்யாணத்துக்கு வேற ஆளுங்க கீறாங்க. நானே நல்ல குழுவா பாத்துத் தரேன்."

"வேற ஆளுங்களுக்கு எங்க வூட்டுக்காரரத் தெரியுமா பாய்?"

தேசப்பன் என்று பட்டம்மாளின் புருஷன். மீன்பிடி லாஞ்சு ஓட்டியவர். போன வருஷம் நெஞ்சு வலியில் போய்விட்டார். அவர் சாவுக்கு ஷாலு பாடியிருக்கிறாள். கரையேறும்போது அவர் 'மாயாம்மா' என்று கூவுவது, மீன் குழம்பில் உப்பு சரியா என்று யார் வீட்டு விருந்திலும் மூடியைத் திறந்து பார்ப்பது, எல்லாம் அந்தப் பாட்டில் இருந்ததாம்.

"பொண்ணு கல்யாணத்துல அவரு பேர யாரு பாய் எடுப்பாங்க? கல்யாணப் பத்திரிகைல அவரு பேருக்கு முன்னாடி லேட்டுன்னு ஒரு சொல்லு போட்டு மூலைல தள்ளிட்டாங்க. மேடைல அவரு அண்ணன் நிப்பாரு. நா தாலியறுத்தவ, தூணுக்குப் பின்னாடி நிப்பேன். அந்தப் பொண்ணு ஒரு தபா பாடிச்சின்னா அவரு வந்த மாதிரி கீது. அதான் கேக்குறேன்."

பாய் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்களோ என்றார். பட்டம்மாள் அசையவில்லை. காசிமேட்டு ஏலத்தில் நின்று பழகிய வாயோடு ராயபுரத்து மைக் செட் மோத முடியுமா? கடைசியில் பாய், "அப்போ மைக் செட்டு என்னுது. நானே வந்து ஒக்காருவேன்" என்றார். எதற்கு அப்படிச் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது. அவசரத்துக்குச் சத்தத்தை நிறுத்த அவர் கை பக்கத்தில் இருக்க வேண்டும்.

மலரை நிறுத்தி வைத்தேன். கல்யாணம் முடியட்டும் என்றேன்.

திருவொற்றியூர் மண்டபம். கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவில் நுழைந்து போய்ச் சேர்ந்தேன். ஷாலு பச்சைப் பட்டு கட்டி, தலை நிறைய மல்லி வைத்திருந்தாள். சாவு வீட்டுக்கு வெறும் தலையோடு போகிறவளை அப்படிப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பாட்ட அப்படியே பாடப் போறியாடி?"

"அது எப்படிக்கா? அதுல அவரு பூட்டாரு. இதுல வராரு. மெட்டு அதான், வார்த்த வேற."

முதலில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் கிண்டல் செய்கிற கானா ஒன்று, பிறகு காசிமேட்டைப் பற்றி ஒன்று. கூட்டம் கை தட்டியது. இளவட்டங்கள் எழுந்து ஆடின. நான் பாயைப் பார்த்தேன். மேடைக்குப் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், பரீட்சை எழுத வந்தவர் மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பட்டம்மாள் சொன்ன மாதிரியே தூணுக்குப் பின்னால் நின்றிருந்தார். மூன்றாவது பாட்டுக்குத் தீனா டோலக்கை மெதுவாகத் தட்ட ஆரம்பித்தான். சாவு வீட்டு மெட்டு. கேட்டவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மாயாம்மான்னு கூவிக்கினே மண்டபம் வந்தாரே
வஞ்சிரத்தத் தோளுல போட்டு வாசல் நின்னாரே

பின்வரிசையில் காசிமேட்டு ஜனம் சட்டென்று அடங்கிப்போனது. ஒரு பெண் தலைப்பை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். "தேசப்பன் சாவுக்குப் பாடுனதுதானே இது?" என்று யாரோ கேட்டது முன்வரிசை வரை போய்ச் சேர்ந்தது. மாப்பிள்ளையின் மாமா எழுந்தார்.

"கல்யாணத்துல சாவுப் பாட்டா? எவன் இட்டாந்தது இத்த? எறக்குங்கடா அந்தப் பொண்ண!"

அவரோடு நாலைந்து பேர் எழுந்தார்கள். ஷாலு கண்ணை மூடிக்கொண்டு பாடினாள். குரல் நடுங்கியது, நிற்கவில்லை. பாயின் கை திருகுக்குப் போனது. கர்த்தரே என்று நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன்.

தூணுக்குப் பின்னாலிருந்து பட்டம்மாள் வெளியே வந்தார். நடுவழியில் நேராக நடந்து, மேடையேறி, ஷாலுவுக்குப் பக்கத்தில் நின்றார். மைக்கை அவர் பக்கம் ஷாலு திருப்பினாள்.

"யாரும் எய்ந்து போவாதீங்க. நாந்தான் இந்தப் பொண்ணக் கூப்ட்டேன். எம் புருசன் வந்துகீறாரு. பொண்ணு கல்யாணத்துக்கு அப்பன் வர்றதுல இன்னா தப்பு?"

மாமா ஏதோ கத்தினார். பாய் பட்டம்மாளைப் பார்த்தார், ஷாலுவைப் பார்த்தார். பிறகு திருகைத் திருப்பினார். சத்தம் ஏறியது. மாமா வாயை அசைப்பது மட்டும் தெரிந்தது, மறுபடி மைக்கைப் பிடித்த ஷாலுவின் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது.

பந்தி பக்கம் போனாரே பானையத் தொட்டாரே
பிரியாணிய மூடி தொறந்து உப்பு பாத்தாரே

பின்வரிசையில் ஒரு கிழவர் வெடித்துச் சிரித்துவிட்டார். சிரித்த கையோடு அழுதார். அதன் பிறகு யார் சிரித்தார்கள், யார் அழுதார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. மணமேடையிலிருந்து மாயா மாலையோடு அம்மாவிடம் வந்து கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே வந்து பட்டம்மாள் காலைத் தொட்டான். அதைப் பார்த்த மாமா உட்கார்ந்துகொண்டார். யார்தான் உட்கார மாட்டார்கள். பட்டம்மாள் கடைசி வரை மேடையிலேயே நின்றார்.

மறுநாள் காலை பெனிட்டோ போன் செய்தார். மணலி புதுநகரில் அவருக்கு ஒரு கச்சேரியாம். பெண் வீட்டார் நேற்று திருவொற்றியூரில் பாடின பெண்தான் வேண்டும் என்கிறார்களாம். "நம்பர் குடு ஹெப்சிபா."

"கடைசிப் பக்கத்தப் பாருங்க பெனிட்டோ. கறுப்புக் கட்டத்துக்குள்ள கீது" என்றேன். போன மாத இதழிலும் பழைய நம்பர்தான் இருக்கிறது என்பதை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் அடித்துப் பார்க்கட்டுமே.

பாய் வந்தார். பின்னாலேயே ஷாலுவும் வந்தாள், தலையில் நேற்றைய மல்லி வாடிப்போயிருந்தது. பாய் நாற்காலியில் உட்கார்ந்து, "அந்தப் பொண்ணு பேர கல்யாணப் பக்கத்துல ஏத்திடு" என்றார்.

"சரி பாய். கடைசிப் பக்கத்துலேர்ந்து எடுத்துடட்டா?"

"எடுக்காதக்கா" என்றாள் ஷாலு. "பட்டம்மாக்கா என்ன அங்கதான கண்டுபுட்ச்சாங்க."

ஒரு பேரு ஒரு பக்கம் என்று பாய் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. "அப்போ ரெண்டுலயும் இருக்கட்டும். கட்டத்த மட்டும் எட்த்துடும்மா" என்றார்.

கம்ப்யூட்டரில் கட்டத்தைத் தொட்டு அழித்தேன். இத்தனை வருஷத்துக் கறுப்பு ஒரே தட்டில் போய்விட்டது. உள்ளே இருந்த பெயர்கள் மற்றப் பக்கத்துப் பெயர்கள் மாதிரியே இருந்தன.

ஷாலு போன பிறகும் பாய் எழுந்திருக்கவில்லை. நான் எழுதிய வரலாற்றைக் கேட்டார். கொடுத்தேன். முதல் பத்தியில் மண்ணாங்கட்டியின் பெயர் வருகிற இடத்தில் அவர் பார்வை நின்றது. நேற்றுத் திருகைத் திருப்பின விரல் அந்தப் பெயரின் மேல் இருந்தது.

"ஹெப்சிமா, கல்யாணப் பக்கத்துல மேல எடம் கீதா?"

"எதுக்கு பாய்?"

"மண்ணாங்கட்டி பேர ஒரு தபா போட்டுக்கலாமா?"

அவர் செத்துப் பல வருஷம் ஆகிறது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். ஷாலுவின் பெயரை ஒரு வரி கீழே இறக்கினேன். மேலே, 'மண்ணாங்கட்டி, வியாசர்பாடி' என்று அடித்தேன்.

"நம்பரு?" என்றேன், பழக்கதோஷத்தில்.

பாய் கண்ணாடியைக் கழற்றினார். "நம்பரு வாணாம்மா. சும்மா இருக்கட்டும்."

அந்த இடத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பினேன்.